நுங்கு வண்டிக்குப் பாட்டு உண்டா? சின்ன வயதை நினைவூட்டும் பாடல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சின்ன வயதையும் அப்போது கையில் வைத்து விளையாடிய சாமான்களையும் நினைவுக்குக் கொண்டுவரும் தமிழ்ப் பாடல்களைத் தேடிச் சேர்ப்பது பல வருடமாக எனக்குப் பழக்கம். கல்யாண வீட்டிலோ ரயிலிலோ இதைப் பற்றிப் பேச்சு எடுத்தால் போதும், எல்லோரும் ஏறக்குறைய அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். பெரும்பாலும் சினிமாப் பாட்டுதான். நடுவில் புறநானூறும் வரும், எங்கள் ஆச்சி பாடியதும் வரும்.

பொம்மை என்றதும் நினைவுக்கு வரும் பாட்டு எது?

பத்தில் எட்டுப் பேர் சொல்வது "நீயும் பொம்மை நானும் பொம்மை". 1964ல் வந்த 'பொம்மை' படத்தில் வருகிறது. வீணை எஸ்.பாலச்சந்தர் இயக்கி, இசையும் அமைத்த படம். ஜேசுதாஸ் தமிழில் பாடிய முதல் பாட்டு என்று இதைத்தான் சொல்வார்கள். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஒரு இளைஞரின் குரல், இன்னும் கனம் ஏறாத குரல், "நினைச்சுப் பார்த்தா எல்லாம் பொம்மை" என்று பாடும்போது உள்ளே ஏதோ ஒன்று அசையத்தான் செய்கிறது.

ஆனால் அந்தப் படத்தில் வரும் பொம்மை, குழந்தை வைத்து விளையாடுகிற பொம்மை இல்லை. அதன் வயிற்றுக்குள் வெடிகுண்டு இருக்கிறது. அது கை மாறி கை மாறிப் போவதுதான் கதை. பாட்டும் அப்படித்தான், பொம்மையைச் சாக்காக வைத்து வாழ்க்கையைப் பேசுகிறது. தமிழ்ப் பாட்டில் பொம்மை என்ற சொல் வந்தால் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் திரும்பும். மனுஷன் பொம்மை, மேலே ஒருவன் கயிறு பிடித்திருக்கிறான் என்ற நினைப்பு நமக்கு ரொம்பப் பழையது. 1975ல் வந்த 'அவன்தான் மனிதன்' படத்தில் டி.எம்.எஸ். பாடிய "ஆட்டுவித்தால் யாரொருவர் ஆடாதாரோ" பாட்டின் முதல் வரியைக் கண்ணதாசன் எடுத்தது அப்பர் தேவாரத்திலிருந்து. "ஆட்டுவித்தால் ஆரொருவர் ஆடாதாரே" என்று அப்பர் ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு முன்னாலேயே பாடிவிட்டார்.

அப்படியானால் நிஜமான விளையாட்டுச் சாமான் வருகிற பாட்டே கிடையாதா?

ரொம்பக் குறைவு. இதற்குக் காரணம் என்ன என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன்.

பாரதியாரின் "ஓடி விளையாடு பாப்பா"வை எடுத்துக்கொள்ளுங்கள். மாலை முழுதும் விளையாட்டு என்று அவரே சொல்கிறார். ஆனால் அந்தப் பாட்டு முழுவதும் தேடினாலும் ஒரு பொம்மை கிடைக்காது. குருவி, கோழி, காக்கை, பசு, நாய், வண்டிக் குதிரை, ஆடு என்று உயிருள்ள தோழர்கள்தான் வரிசையாக வருகிறார்கள். "கை வீசம்மா கை வீசு" பாட்டில் குழந்தை கடைக்கே போகிறது. மிட்டாய் வாங்குகிறது, சொக்காய் வாங்குகிறது, கோயிலுக்கும் போய்வருகிறது. பொம்மை மட்டும் வாங்கவில்லை. 1992ல் 'ரோஜா'வுக்காக வைரமுத்து எழுதி மின்மினி பாடிய "சின்ன சின்ன ஆசை"யிலும் இதே கதைதான். ஒரு பெண் தன் குழந்தைத்தனமான ஆசைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறாள். மீனைப் பிடித்து மறுபடி ஆற்றில் விட ஆசைப்படுகிறாள், சேற்று வயலில் ஆட ஆசைப்படுகிறாள். காசு கொடுத்து வாங்குகிற விளையாட்டுச் சாமான் மீது அவளுக்கு ஆசை வந்ததாகத் தெரியவில்லை.

எங்கள் ஊர் திருச்செந்தூர்ப் பக்கம். பனைதான் எங்கள் பொம்மைக் கடை. சித்திரை, வைகாசியில் நுங்கு தின்று முடித்ததும் ஒரே அளவில் இரண்டு கூந்தலை, அதாவது சுளை எடுத்த வெறும் காயை, தேடி எடுப்போம். ஒரு குச்சியின் இரண்டு முனையிலும் அவற்றைக் குத்தினால் சக்கரமும் அச்சும் ஆயிற்று. நீளமான கவட்டைக் குச்சி ஒன்றின் கவட்டையை அச்சின் மேல் வைத்துப் பின்னால் நின்று தள்ளினால் நுங்கு வண்டி ஓடும். தெருவே அதிரும். மூன்றாம் நாள் கூந்தல் வற்றிச் சுருங்கி, ஓட்டை பெரிதாகி, சக்கரம் கழன்று தனியாக ஓடும். தூக்கிப் போட்டுவிட்டு வேறு செய்வோம். ஓலைக் காற்றாடியும் அப்படித்தான், இரண்டு ஓலைத் துண்டு, நடுவில் ஒரு கருவேல முள், சாயங்காலம் வரை தாங்கினால் பெரிய விஷயம்.

மூன்று நாளில் தூக்கிப் போடுகிற சாமானைப் பற்றி யார் பாட்டு எழுதுவார்கள்? எனக்கே இன்றைக்கு அந்த வண்டியைவிட, அதற்குக் குச்சி சீவிக் கொடுத்த பெரியப்பாவின் கைதான் தெளிவாக நினைவில் இருக்கிறது. அவருடைய இடது கட்டைவிரலில் நகம் பாதிதான் இருக்கும். அரிவாளைப் பக்கவாட்டில் பிடித்து, அந்த விரலால் குச்சியை உருட்டி உருட்டிச் சீவுவார். சீவல் சுருள் சுருளாக அவர் மடியில் விழும்.

நம் பாட்டுகளும் இப்படித்தான் என்று நினைக்கிறேன். சின்ன வயதை நினைவூட்டும் பாட்டை எடுத்துப் பாருங்கள், அதில் யாராவது யாரையாவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். அம்மாவும் நீயே என்பார்கள், நண்பனே என்பார்கள், கண்ணம்மா என்பார்கள், ஒரு பட்டுப்பூச்சியைக்கூட அக்கா என்பார்கள். சாமான் போய்விட்டது, கூப்பிட்ட குரல் தங்கிவிட்டது.

பழைய படங்களில் குழந்தைகள் பாடும் பாட்டை எந்தக் குழந்தை பாடியது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். பெரும்பாலான பாட்டுகளைப் பாடியது குழந்தையே இல்லை. எம்.எஸ்.ராஜேஸ்வரி.

1947ல் வந்த 'நாம் இருவர்' படத்தில் "மகான் காந்தி மகான்" பாட்டைப் பாடியவர் இவர். திரையில் குமாரி கமலா ஆடுவார். 1955ல் 'டவுன் பஸ்' படத்தின் "சிட்டுக்குருவி சிட்டுக்குருவி சேதி தெரியுமா" இவருடையது. 1960ல் 'களத்தூர் கண்ணம்மா' வந்தது. அனாதை விடுதியில் வளரும் சிறுவனாகக் கமல்ஹாசன் முதல்முறையாகத் திரையில் தோன்றி, முருகன் முன்னால் நின்று "அம்மாவும் நீயே அப்பாவும் நீயே" என்று பாடுவார். அந்தக் குரல் ராஜேஸ்வரியின் குரல். 1965ல் 'குழந்தையும் தெய்வமும்' படத்தில் குட்டி பத்மினி இரட்டைக் குழந்தைகளாக நடித்தார். பிரிந்து போன அப்பா அம்மாவை மனசில் வைத்துக்கொண்டு அந்தக் குழந்தை பாடுகிற "கோழி ஒரு கூட்டிலே சேவல் ஒரு கூட்டிலே" பாட்டும் ராஜேஸ்வரிதான். 1972ல் 'திக்குத் தெரியாத காட்டில்' படத்தின் "பூப்பூவாப் பறந்து போகும் பட்டுப்பூச்சி அக்கா"வும் அவரே.

அப்புறம் 1990. 'துர்கா' படத்தில் பேபி ஷாமிலிக்காக "பாப்பா பாடும் பாட்டு". அப்போது ராஜேஸ்வரிக்கு அறுபது வயது நெருங்கிக்கொண்டிருந்தது! என் அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது கேட்ட குழந்தைக் குரலும், நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கேட்ட குழந்தைக் குரலும் ஒரே பெண்ணுடையது. இரண்டு தலைமுறையின் பால்யத்துக்கு ஒரே குரல். 2018ல் அவர் காலமானார்.

அந்தக் குரலில் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ள "அம்மாவும் நீயே" பாட்டைப் பொறுமையாகக் கேளுங்கள். கொஞ்சலே கிடையாது. பெரியவர்கள் குழந்தை போலப் பேசிக் காட்டும்போது வருகிற போலிமழலை துளியும் இல்லை. சொற்கள் எல்லாம் சுத்தமாக, ஒவ்வொரு எழுத்தும் முழுசாக விழும். வரி முடிகிற இடத்தில் மட்டும் குரல் ஒரு இழை மெலிந்து, தேம்பி முடித்த பிள்ளை மூச்சு விடுவது போல நிற்கும். அழுகை எல்லாம் முடிந்து, இனி அழத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் குரல் அது. அவர் பாடிய அத்தனை பாட்டிலும் இதற்குத்தான் நான் முதல் இடம் கொடுப்பேன்.

"மியாவ் மியாவ் பூனைக்குட்டி" குழந்தைப் பாட்டுதானே?

இல்லை. 1961ல் 'குமுதம்' படத்துக்காக கே.வி.மகாதேவன் இசையில் ராஜேஸ்வரி பாடியது. அடுத்த வரியைக் கவனித்தால் "அத்தான் மனசு" என்று வரும். ஒரு பெண் தன் அத்தானைப் பற்றிப் பூனைக்குட்டியிடம் பேசுகிறாள். குரலையும் பூனையையும் வைத்து நாம்தான் அதைக் குழந்தைப் பாட்டாக எடுத்துக்கொண்டோம். பள்ளி ஆண்டு விழாவில் பூனை வேஷம் போட்ட பிள்ளைகள் இதற்கு ஆடியதைப் பார்த்திருக்கிறேன். அதில் தப்பு ஒன்றும் இல்லை, பிள்ளைகள் எடுத்துக்கொண்டால் அது பிள்ளைகள் பாட்டுதான்.

"அந்த நாள் ஞாபகம்" மாதிரியான பாட்டுகள் எப்போதிலிருந்து இருக்கின்றன?

சங்க காலத்திலிருந்து. இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

புறநானூற்றில் 243ஆம் பாட்டு. ஒரு கிழவர் பேசுகிறார். "இனி நினைந்து இரக்கம் ஆகின்று", இப்போது நினைத்தால் மனசு கலங்குகிறதே என்று தொடங்குகிறார். முதலில் அவர் நினைவுக்கு வருவது ஒரு பொம்மை. "திணிமணல் செய்வுறு பாவை", ஈர மணலைத் திரட்டிச் செய்த பாவை. அதற்குப் பறித்த பூவைச் சூட்டுகிறார்கள். செய்கிறவர்கள் குளத்தில் விளையாடும் பெண் பிள்ளைகள். அவர்களோடு கைகோத்து ஆடியது, ஒளிவு மறைவு தெரியாத கூட்டாளிகளோடு திரிந்தது, தண்ணீருக்கு மேலே தாழ்ந்து கிடக்கும் மருதமரத்துக் கிளையில் ஏறியது, கரையில் நிற்பவர்கள் பதறும்படி ஆழமான மடுவில் துடுமெனக் குதித்தது, முங்கி அடிமணலை அள்ளிக்கொண்டு மேலே வந்தது என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்கிறார். "கல்லா இளமை அளிதோ தானே, யாண்டுண்டு கொல்லோ" என்கிறார். அந்த இளமை இப்போது எங்கே இருக்கிறதோ?

அப்புறம்தான் தான் யார் என்று சொல்கிறார். பூண் போட்ட தடியை ஊன்றிக்கொண்டு, உடம்பு நடுங்க, இருமலுக்கு நடுவில் இரண்டொரு சொல் பேசும் பெருங்கிழவர். இருமல் நடுவில் வருகிறது என்பதால் சொற்கள் குறைந்துவிட்டன, "இருமிடை மிடைந்த சில சொல்". இந்தப் பாட்டைப் பாடியவரின் சொந்தப் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் பாட்டில் வரும் தடியை வைத்தே தொடித்தலை விழுத்தண்டினார் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இனி 1968க்கு வாருங்கள். சிவாஜியின் 125வது படம், 'உயர்ந்த மனிதன்'. கையில் தடியோடு சிவாஜி, பக்கத்தில் மேஜர் சுந்தர்ராஜன். வாலி எழுதி, எம்.எஸ்.விஸ்வநாதன் இசையமைத்து, டி.எம்.எஸ். பாடிய "அந்த நாள் ஞாபகம் நெஞ்சிலே வந்ததே". நடுநடுவே மேஜரின் பேச்சு. பள்ளிக்கூடத்து நாட்களைச் சொல்லிக்கொண்டே ஓடுகிறார்கள், மூச்சு வாங்குகிறது, நிற்கிறார்கள். மூச்சு வாங்குவதுகூடப் பாட்டின் உள்ளேயே கேட்கிறது. தொடித்தலை விழுத்தண்டினாருக்கு இருமல், இவர்களுக்கு இளைப்பு. வாலி புறநானூற்றை மனசில் வைத்து எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. கையில் தடி வந்த பிறகு மனசு ஓடும் பாதை இதுதான் போலிருக்கிறது.

ஒரு வித்தியாசம் உண்டு. புறநானூற்றுக் கிழவர் தனியாகப் பேசுகிறார், கூட விளையாடியவர்களில் ஒருவர்கூடப் பக்கத்தில் இருப்பதாகத் தெரியவில்லை. சிவாஜிக்கு "நண்பனே" என்று கூப்பிட ஆள் இருக்கிறது. எனக்கு அந்தப் புறநானூற்றுக் கிழவரை நினைத்தால்தான் அதிகம் வருத்தமாக இருக்கும்.

"பசுமை நிறைந்த நினைவுகளே" இந்த வகையில் சேருமா?

பிரிவுபசாரப் பாட்டு. 1963ல் 'இரத்தத் திலகம்' படத்தில், கல்லூரி முடிந்து பிரியும்போது வருவது. கண்ணதாசன் வரிகள், டி.எம்.எஸ்., பி.சுசீலா குரல்கள். சின்ன வயது இல்லை. ஆனாலும் பள்ளிக்கூடங்களில் கடைசி நாள் விழாவுக்கு இதைப் போடாத ஊர் கிடையாது என்பதால், பலருக்கு இது பதினேழு வயதோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

"ஞாபகம் வருதே" ஏன் எல்லோருடைய கதையாகவும் தெரிகிறது?

2004ல் சேரனின் 'ஆட்டோகிராப்' வந்தபோது நான் வேலைக்குப் போய்ச் சில வருடம் ஆகியிருந்தது. தியேட்டரில் "ஞாபகம் வருதே" பாட்டு வந்ததும் எனக்கு முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தது நினைவிருக்கிறது. இசை பரத்வாஜ், பாடியதும் அவரே. பயிற்சி பெற்ற பெரிய பாடகரின் மெருகு அதில் இல்லாததே பெரிய பலம், பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் பேசிக்கொண்டே பாடுவது போல இருக்கும்.

அதில் முதன்முதல் செய்த காரியங்கள் அடுக்கடுக்காக வரும். முதன்முதலில் பிடித்த தட்டான் பூச்சி, திருடித் தின்ற மாங்காய். தட்டான் பிடிப்பது எப்படி என்று கிராமத்தில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் கையை நீட்டிச் செய்தே காட்டுவார்கள். வாலுக்குப் பின்னாலிருந்து மெதுவாகப் போக வேண்டும், நிழல் அதன் மேல் விழக்கூடாது, மூச்சை அடக்க வேண்டும், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேருகிற நேரத்தில் அது பறந்துவிடும். பிடிபட்டால் வாலில் நூல் கட்டிப் பறக்க விடுவோம். இன்றைக்கு நினைத்தால் பாவமாக இருக்கிறது. அன்றைக்கு அதுதான் எங்கள் பட்டம், அதுதான் எங்கள் விமானம். பாட்டு ஒரே ஒரு பூச்சியின் பெயரைச் சொல்கிறது. மிச்சம் எல்லாம் கேட்பவர்கள் விரலிலேயே இருக்கிறது.

இதே படத்தின் "ஒவ்வொரு பூக்களுமே" பா.விஜய்க்கும் சித்ராவுக்கும் தேசிய விருது வாங்கித் தந்தது. இருந்தாலும் ஊர்க்கூட்டங்களில் பழைய மாணவர்கள் சேரும்போது முதலில் போடச் சொல்வது "ஞாபகம் வருதே"யைத்தான்.

மரப்பாச்சி, நடைவண்டி, சொப்பு எல்லாம் பழைய பாட்டிலும் வராதா?

வரும், நிறையவே. சினிமாவில்தான் குறைவு. 'பட்டினப்பாலை'யில் காவிரிப்பூம்பட்டினத்துத் தெருவில் குழந்தைகள் குதிரை பூட்டாமல் உருட்டும் "முக்காற் சிறுதேர்" வருகிறது. மூன்று கால், அதாவது மூன்று சக்கரம். இன்றைக்கும் நடை பழகும் பிள்ளைக்கு நாம் வாங்கிக் கொடுக்கும் நடைவண்டிக்கு மூன்று சக்கரம்தான். அந்தத் தேருக்குக் குறுக்கே என்ன கிடக்கிறது தெரியுமா? நெல் கொத்த வந்த கோழியை விரட்ட ஒரு பெண் கழற்றி எறிந்த பொன் காதணி! ஊரின் செல்வத்தைச் சொல்லப் புலவர் எடுத்துக்கொண்டது ஒரு விளையாட்டு வண்டி தட்டுப்படும் காட்சியை.

தெய்வத்தையோ பெரியவர்களையோ குழந்தையாக வைத்துப் பாடும் பிள்ளைத்தமிழில் இதற்கென்றே பருவங்கள் உண்டு. ஆண்பால் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர். மணல்வீடு, சின்னப் பறை, சின்னத் தேர். பெண்பாலில் கழங்கு, அம்மானை, ஊசல். முதல் இரண்டும் காயைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கும் ஆட்டம், ஊசல் என்றால் ஊஞ்சல். ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் "எங்கள் சிற்றில் வந்து சிதையேலே" என்று கண்ணனிடம் கெஞ்சுகிறாள். கடற்கரையில் கட்டிய மணல்வீட்டை யாரோ ஒரு பையன் காலால் இடித்துவிட்டுப் போன அனுபவம் இல்லாதவர் யார்?

எங்கள் வீட்டில் அக்காவுக்கு அம்பாசமுத்திரத்து மரச் சொப்பு இருந்தது. சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக அரக்குப் பூசிய அடுப்பு, குடம், உரல், உலக்கை. அதில் மண் சோறு ஆக்கி எனக்குப் பரிமாறுவாள், நான் சாப்பிட்டதாக நடித்து ஏப்பமும் விட வேண்டும்.

இந்தியில் மரக்குதிரைப் பாட்டு ஒன்று உண்டே, அது போலத் தமிழில்?

"லக்டி கி காட்டி"யைச் சொல்கிறீர்கள். 1983ல் 'மாசூம்' படத்துக்காக குல்சார் எழுதி ஆர்.டி.பர்மன் இசையமைத்தது. தூர்தர்ஷன் காலத்தில் அர்த்தம் தெரியாமலே தமிழ்ப் பிள்ளைகளும் வாயசைத்த பாட்டு. ஒரு மரக்குதிரையை, குதிரையாக மட்டுமே பாடுகிற சந்தோஷம் அதில் இருக்கிறது, தத்துவம் எதுவும் இல்லை. அந்த வகையில் தமிழில் எனக்கு நெருக்கமாகத் தெரிவது 1989ல் 'ராஜா சின்ன ரோஜா' படத்தின் காட்டுக்குள் போகும் பாட்டு. ரஜினியும் பிள்ளைகளும் கார்ட்டூன் மிருகங்களோடு ஆடுவார்கள். அதிலும் கதை முடிவில் ஒரு புத்திமதி வந்துவிடும். நம் ஆட்களுக்குப் பிள்ளைகளைப் பார்த்தால் புத்தி சொல்லாமல் இருக்க முடிவதில்லை.

பழைய பாட்டைக் கேட்டால் தொண்டை அடைப்பது ஏன்?

வீட்டு நினைவு ஒரு நோயாகவே ஒரு காலத்தில் கருதப்பட்டது. 1688ல் ஜோகன்னஸ் ஹோஃபர் என்ற சுவிஸ் மருத்துவ மாணவர் இதற்கு நாஸ்டால்ஜியா என்று பெயர் வைத்தார். ஊர் திரும்புதல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டிச் செய்த பெயர். வெளிநாட்டில் கூலிக்குப் போர் செய்யப் போன சுவிஸ் வீரர்கள், ஊரில் மாடு மேய்ப்பவர்கள் பாடும் மெட்டைக் கேட்டால் அழுவார்களாம், படையை விட்டே ஓடிப்போவார்களாம். அதனால் அந்த மெட்டை வாசிக்கவே தடை போட்டிருந்தார்கள் என்று ரூசோ தன் இசை அகராதியில் எழுதியிருக்கிறார்.

மாடு மேய்க்கிற பாட்டு என்பதைக் கவனியுங்கள். பெரிய சங்கீதம் ஒன்றும் தேவைப்படவில்லை. நாம் அதைக் கேட்ட இடத்தில் வேறு என்ன எல்லாம் இருந்ததோ அவையும் பாட்டோடு சேர்ந்து வந்துவிடுகின்றன. எனக்கு "சிட்டுக்குருவி" பாட்டைக் கேட்டால் மண்ணெண்ணெய் வாசம் வரும். திண்ணையில் ரேடியோவும் அரிக்கேன் விளக்கும் ஒரே மாடத்தில் இருந்தன, அவ்வளவுதான் காரணம்.

பாட்டையே விளையாட்டாக விளையாடியது உண்டா?

ஏன் இல்லை? பூவரச இலையைச் சுருட்டி, ஒரு முனையை நசுக்கி ஊதினால் பீப்பி. அதில் கல்யாண ஊர்வலமே நடத்துவோம். தியேட்டர் வாசலில் விற்கும் பாட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு கச்சேரி நடத்துவோம். கரண்ட் போன ராத்திரிகளில் பாட்டுக்குப் பாட்டு. முடித்த எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். இலங்கை வானொலியில் பி.எச்.அப்துல் ஹமீது நடத்திப் பெயர் பெற்ற போட்டி அது, பின்னால் சன் டிவிக்கும் வந்தது. எங்கள் தெருவில் அதை நடத்தியது என் அக்கா. தோற்கிற நிலையில் இருப்பவர்களுக்கு முதல் சொல்லை மட்டும் காதில் சொல்லிக் கொடுப்பாள்.

இப்போதைய பாட்டுகளில் இந்த உணர்வு இருக்கிறதா?

இருக்கிறது. 2013ல் 'தங்க மீன்கள்' படத்தில் வந்த "ஆனந்த யாழை" ஒன்று போதும். மகள் ஆசைப்பட்ட நாய்க்குட்டியை வாங்கித் தர வசதியில்லாத அப்பாவின் கதை அது. நா.முத்துக்குமாருக்கு அந்தப் பாட்டுக்குத் தேசிய விருது கிடைத்தது. மறுவருடம் 'சைவம்' படத்தின் "அழகே அழகே" பாட்டுக்கு மீண்டும் கிடைத்தது. அதைப் பாடிய உத்தரா உன்னிகிருஷ்ணனும் தேசிய விருது வாங்கினார், அப்போது பத்து வயதுச் சிறுமி. ராஜேஸ்வரி பாடிய காலத்துக்கும் இதற்கும் இடையில் இது பெரிய மாற்றம். இப்போது குழந்தைப் பாட்டை நிஜக் குழந்தையே பாடுகிறது. ரெண்டும் வேண்டும் என்பேன்.

நம் வீட்டுக்கென்று இப்படி ஒரு பாட்டுத் தொகுப்பு செய்ய எங்கிருந்து தொடங்குவது?

வீட்டில் இருக்கும் மிக வயதானவரிடமிருந்து. சினிமாப் பாட்டு எங்கேயும் போகாது, எப்போது தேடினாலும் கிடைக்கும். அவர்கள் பாடும் "சாஞ்சாடம்மா சாஞ்சாடு"வைப் போனில் இன்றைக்கே பதிந்து வையுங்கள். வரி மறந்தால் எடுத்துக் கொடுக்காதீர்கள், அவர்களே இட்டுக்கட்டும் வரிதான் உங்கள் வீட்டுச் சொத்து. எங்கள் ஆச்சி "கை வீசம்மா"வில் மிட்டாய்க்குப் பதில் "பனங்கிழங்கு வாங்கலாம்" என்றுதான் பாடுவாள்.

எனக்குப் பதினோரு வயதில் அப்பா ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கி வந்தார். அன்றைக்கு ஒரு வெற்றுக் கேசட்டில் ஆச்சியைப் பாடச் சொல்லிப் பதிந்தோம். ஒரு பக்கம் முழுவதும் ஆச்சிதான். சில மாதம் கழித்து, பாட்டுப் பதிந்து தரும் கடைக்குப் பட்டியல் எழுதிக் கொடுத்தேன். "பாப்பா பாடும் பாட்டு" முதலில் இருந்தது. கொடுத்த கேசட் மாறிப்போனது வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்ட பிறகுதான் தெரிந்தது. ஆச்சி பாடியதன் மேலேயே பதிந்திருந்தார்கள். ஆச்சி அந்த வருடம் ஐப்பசியில் போய்விட்டாள்.

பட்டியலில் இருந்த பாட்டுகள் டேப் முடிவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே தீர்ந்துவிட்டன. கடைசிப் பாட்டு முடிந்து கொஞ்சம் இரைச்சல், அப்புறம் ஆச்சியின் குரல் பாதியில் தொடங்கும். "கும்பிட்டு வரலாம் கை வீசு". பின்னால் ஒரு கோழி கொக்கரிக்கும். கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அப்புறம் மிக அருகில், மைக்கில் வாயை வைத்தது போல, "போதுமா ராசா?"